சர்க்கரை எங்கே இருக்கு?

இயந்திரத்தின் குளிர்ப் பொத்தானை அழுத்த அவன் மறந்துபோனதற்குக் காரணம் சர்க்கரை.

முந்தின நாள் சாயங்காலம் சோதனைக்கூடத்தில், எலிகளின் மூளையிலிருந்து துளித்துளியாக எடுத்த திரவத்தைக் குட்டிக் குப்பிகளில் அடைத்து, அளவெடுக்கும் இயந்திரத்தின் தட்டில் வரிசையாக அடுக்கி முடித்திருந்தான். மிச்சம் இருந்தது இரண்டு பொத்தான்கள். ஒன்று தட்டைக் குளிரவைக்க, இன்னொன்று ஓட்டத்தைத் தொடங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற வேலைதான். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. தம்பி.

"அண்ணே, சக்கரை எங்கே இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரத்துக்கும் மேலாகச் சாப்பிடக் குடிக்க எதுவுமே கேட்காதவன். சாப்பாடு வைத்தால் தட்டைப் பார்ப்பான், தட்டை எடுத்துவிட்டால் தட்டு இருந்த இடத்தைப் பார்ப்பான். அப்படிப்பட்டவன் வாயைத் திறந்து சர்க்கரை கேட்கிறான் என்றால் டீ போடுகிறான் என்று அர்த்தம். டீ போடுகிறான் என்றால் நாக்கு எதையோ விரும்புகிறது. நாக்கு விரும்பினால் மூளை பிழைத்துக்கொண்டது. இப்படி ஒரே மூச்சில் மூன்று படி தாவிய அண்ணன், சர்க்கரை டப்பாவுக்கு வழி சொன்னான், வெளியூர்க்காரருக்கு ஸ்டேஷனுக்கு வழி சொல்வதுபோல. அடுப்புக்கு மேல் தட்டு, இடது பக்கம், டீத்தூளைத் தாண்டினால் பச்சை மூடி, தப்பவே முடியாது. "சரிண்ணே" என்று தம்பி வைத்துவிட்டான்.

அண்ணன் சீட்டியடித்துக்கொண்டே இரண்டாவது பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு, போகிற வழியில் கல்யாண வீட்டுக்கு வாங்குகிற மாதிரி ஒரு மூட்டைச் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கட்டும், டீ குடித்த களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் கணினித் திரையைப் பார்த்ததும் சீட்டியடிப்பதை நிறுத்தினான்.

அவன் வேலை பார்த்தது மூளை ஆராய்ச்சி நடக்கிற இடத்தில். ஆராய்ச்சி செய்வது அவனல்ல, அந்த ஆபத்து யாருக்கும் வேண்டாம். எலிக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, குப்பி நிரப்புவது, இயந்திரம் முரண்டு பிடித்தால் அதட்டுவது அவன் வேலை. எதற்கும் தலைமை தாங்கியதில்லை என்பதால் எல்லாரும் அவனைத் 'தலைவரே' என்று கூப்பிட்டார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆராய்ச்சி கொக்கைன் பற்றியது. எலியின் கூண்டில் ஒரு நெம்புகோல் வைப்பார்கள். அழுத்தினால் கொக்கைன் உள்ளே போகும். எலி அதற்கு நன்றாக அடிமையான பிறகு ஒரு நாள் நெம்புகோலைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு அந்த மூளையில் செரட்டோனின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று, தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த ஒரு குழாயை உள்ளே விட்டு, திரவம் எடுத்து அளப்பார்கள்.

செரட்டோனின் என்பது மனசு தொப்பென்று தரையில் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கிற பொருள்களில் ஒன்று. கொக்கைன் இருக்கும்வரை அது பொங்கி நிற்கும். நிறுத்தினால், பழைய அளவோடு நிற்காமல் அதற்கும் கீழே இறங்கிவிடும். இயந்திரம் அதைத் திரையில் மலையாக வரைந்து காட்டும். நிறைய இருந்தால் மலை, குறைந்தால் குன்று.

அன்று குன்றுகூட இல்லை. ஒவ்வொரு எலிக்கும் ஒரே கோடு, இஸ்திரி போட்டு வைத்த மாதிரி.

இத்தனை வருஷ அனுபவத்தில் கோடு தட்டையாக வந்தால் அவன் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்படுவான். இரண்டாவதாகத் தன்னை. அன்று இரண்டு பேரையும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அந்தத் தட்டைக் கோடு அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். வீட்டில் அது சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தம்பி மேடைகளுக்கு ஒலி அமைப்பவன். காதில் பெரிய ஹெட்ஃபோனும், முன்னால் நூறு பொத்தான் வைத்த பலகையுமாக அவன் உட்கார்ந்தால் பாட்டுக்காரர்களே அவனிடம் பணிந்து பேசுவார்கள். விடியவிடிய நிகழ்ச்சி, மறுநாள் வேறு ஊர். முழித்திருக்கத்தான் முதலில் அந்த வெள்ளைப் பொடியை எடுத்தான். அப்புறம் முழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லாதபோதும் எடுத்தான். ஒரு நாள் மேடையிலேயே விழுந்து, அண்ணன் வந்து அள்ளிக்கொண்டு போனான். அன்றோடு நிறுத்தியாயிற்று. முதல் சில நாள் பிணம் மாதிரி தூங்கினான். அதன் பிறகுதான் நிஜமான தொந்தரவு. ஹெட்ஃபோனை மாட்டுவான், உடனே கழற்றிவிடுவான். "எல்லாப் பாட்டும் அட்டைப்பெட்டிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குண்ணே" என்றான் ஒரு தடவை. அதுதான் அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம்.

மருத்துவர் முதல் நாளே அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இந்த நாட்கள்ல வாழவே வேண்டாம்னு தோணும். அடிக்கடி நேரடியாக் கேளுங்க. சாகணும்னு நினைக்கிறியான்னு அந்த வார்த்தையிலயே கேளுங்க. கேக்கறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது. ஆமான்னா, எந்த நேரமானாலும் கூட்டிட்டு வந்துடுங்க."

"சரியாயிடுவானா டாக்டர்?"

"பார்ப்போம்."

அண்ணன் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணில் பட்டதையெல்லாம் ஒளித்தான். குளியலறைத் தாழ்ப்பாளையும் வாசல் கதவின் உள்தாழ்ப்பாளையும் 'துரு' என்று சொல்லிக் கழற்றினான். பிளேடையெல்லாம் எடுத்துவிட்டதில் தனக்கும் சவரம் இல்லை. 'தாடி வளர்க்கிறேன், முகத்துக்குக் கம்பீரம்' என்று சோதனைக்கூடத்தில் சொல்லி, யாரும் நம்பாததைக் கவனிக்காத மாதிரி இருந்தான். சமையல் கத்தி அவனுடைய ஆபீஸ் லாக்கரில் இருந்தது. வீட்டில் வெங்காயத்தைக் கரண்டியால் மிரட்டிக்கொண்டிருந்தான்.

"கத்தி எங்கேண்ணே?"

"சாணை பிடிக்கக் குடுத்திருக்கேன்டா."

"இத்தனை நாளாவா?"

"பெரிய கத்திடா."

கேட்க வேண்டியதையும் இப்படித்தான் கேட்டான். "என்ன மகாராஜா, இன்னைக்கும் அரண்மனையை விட்டு வெளிய வரலையா?" "ம்." "உலகம் இன்னும் அங்கயேதான்டா இருக்கு, நான் பார்த்துட்டுத்தான் வர்றேன்." "ம்." சின்ன வயசிலிருந்தே அந்த வீட்டில் பாசம், கோபம், பயம் எல்லாம் கிண்டல் உடுப்பில்தான் வெளியே வரும். அம்மணமாக எதையும் அனுப்பிப் பழக்கமில்லை.

"தலைவரே, கோடு என்ன இப்படி இருக்கு?"

பின்னால் மேடம் நின்றிருந்தாள். ஆராய்ச்சி அவளுடையது. அவனைவிட வயதில் சின்னவள், ஜோக்குக்குச் சிரிக்காதவள். புரியாமல் இல்லை. சிரித்தால் சோதனை முடிவு கெட்டுவிடும் என்பதுபோல் ஒரு முகம்.

"எலிங்க எல்லாம் சந்நியாசம் வாங்கிடுச்சு போல மேடம்."

"நெம்புகோலே பார்க்காத எலிங்க இருக்கே. அதுங்க குப்பியும் ஓடிடுச்சா?"

"வரிசையில கடைசி. இப்ப முடிஞ்சிருக்கும்."

"எடுங்க பார்ப்போம்."

எடுத்தான். கொக்கைனின் வாசனைகூடத் தெரியாத, சாப்பிட்டுத் தூங்கியதைத் தவிர ஒரு பாவமும் அறியாத எலிகள். அவற்றுக்கும் அதே இஸ்திரிக் கோடு. மேடம் இயந்திரத்தின் மூடியைத் திறந்து தட்டின் மேல் விரலை வைத்தாள்.

"தட்டு ஏன் வெதுவெதுன்னு இருக்கு?"

"பாவம், அதுக்கும் காய்ச்சலோ என்னமோ..."

"தலைவரே, நேரா ஒரு பதில் சொல்லுங்க. குளிர் போட்டீங்களா, இல்லையா?"

அவன் வாயில் இன்னும் இரண்டு ஜோக் தயாராக இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"போடல மேடம். மறந்துட்டேன்."

செரட்டோனின் ரொம்பக் கூச்ச சுபாவம். குளிர் இல்லாமல் ஒரு ராத்திரி வைத்தால் குப்பிக்குள்ளேயே சிதைந்து போய்விடும். எலிகளின் மூளையில் அது காலியாகவில்லை, அவன் தட்டில்தான் காலியாகியிருக்கிறது. பல நாள் வேலை, எத்தனையோ எலிகளின் பொறுமை, எல்லாம் போச்சு. திட்டப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"அப்ப அது நிஜம் இல்லையா மேடம்? சுத்தமாக் காலியாகறது?"

"இல்ல. குறையும். காலியாகாது."

"எப்ப திரும்பும்?"

"எலிக்கா?"

"ஒரு பேச்சுக்கு... எலியவிடக் கொஞ்சம் பெரிசா ஒண்ணுக்கு."

மேடம் அவனுடைய தாடியைப் பார்த்தாள். அப்புறம் கண்ணைப் பார்த்தாள்.

"யாரு?"

"தம்பி."

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "எலிக்கே எனக்கு இன்னும் முழுசாத் தெரியாது. உங்க தம்பிக்கு நான் நாள் குறிச்சா அது ஜோசியம். அவர் எப்படி இருக்காரு?"

"அதான் தெரியல. தினமும் கேக்கறேன். 'ம்'ங்கறான்."

"என்னன்னு கேக்கறீங்க?"

அரண்மனை, மகாராஜா என்றெல்லாம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளே எழுந்தாள்.

"எலிகிட்டக் கேட்டா பதில் சொல்லாது. அதனாலதான் மண்டையில ஓட்டை போட்டுக் குழாய் விடறோம். உங்க தம்பிக்கு வாய் இருக்கு தலைவரே."

அவன் கைப்பேசியை எடுத்தான். தம்பியின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பவும் அடித்தான். அதே குரல், அதே செய்தி. தம்பி கைப்பேசியை அணைத்ததே இல்லை. விழுந்துகிடந்த நாட்களில்கூட அது தலையணைக்கு அடியில் கத்திக்கொண்டுதான் இருக்கும்.

அண்ணன் மேல்வீட்டு டைலர் அக்காவை அழைத்தான். அவன் வேலைக்கு வருகிற நேரத்தில் தம்பியை அவ்வப்போது எட்டிப் பார்ப்பது அவள்தான். தையல் மெஷின் சத்தம் நின்றது.

"நல்லாத்தாம்பா இருக்காரு. காலையில இருந்து வீட்டையே கழுவித் தொடைச்சிட்டிருந்தாரு. நான்கூட சந்தோஷப்பட்டேன். அப்புறம் மேல வந்து, அந்தப் பெரிய ஹெட்ஃபோன் இருக்கில்ல, அத எனக்கே வச்சுக்கச் சொல்லிட்டாரு. எனக்கு எதுக்குப்பா, நான் மெஷின் சத்தத்துலயே பாட்டுக் கேக்கறவன்னு சொன்னேன். கேக்கல. என் தையல் ரொம்ப நல்லாயிருக்கும்னு வேற சொல்லிட்டுப் போனாரு. இத்தனை வருஷத்துல அவர் எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல."

அந்த ஹெட்ஃபோனை அண்ணன் துடைக்க எடுத்தாலே தம்பி கையிலிருந்து பிடுங்குவான்.

"அக்கா, இப்பவே போய்க் கதவைத் தட்டுங்க. வைக்காதீங்க, அப்படியே பேசிக்கிட்டே போங்க."

செருப்புச் சத்தம், படி இறங்கும் மூச்சு, தட்டும் சத்தம். மறுபடி தட்டும் சத்தம்.

"தொறக்கலப்பா."

"சத்தமாத் தட்டுங்கக்கா!"

"உள்ள குழாய் ஓடற சத்தம் கேட்டுச்சு... இப்ப நின்னுடுச்சு. ஆள் உள்ளதான் இருக்காரு. நான் இங்கயே நிக்கறேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். நீ வா."

திரும்பினால் மேடம் கையில் வண்டிச் சாவி. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "வாங்க" என்றாள்.

சாலையில் அன்றைக்கென்று ஊரில் இருக்கிற அத்தனை வண்டியும் இறங்கியிருந்தது. சிக்னல் ஒவ்வொன்றும் அவர்களைப் பார்த்ததும் சிவந்தது. முன்னால் போன லாரியின் பின்கதவில் ஒரு கயிறு ஆடிக்கொண்டே இருந்ததை அண்ணன் பார்த்தான், பார்க்காமல் இருக்க முயன்றான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"மேடம், நீங்க ஓட்டற ஓட்டுக்கு எலியே நெம்புகோலை விட்டுட்டு இறங்கி நடந்துடும்."

"தலைவரே, நான் இப்ப சிரிக்கலேன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"நானும் சிரிக்கல மேடம். அது பாட்டுக்கு வருது."

"தெரியும்." அவள் நடைபாதை ஓரமாக வண்டியை ஒடித்துச் சந்துக்குள் திருப்பினாள். "நான் கீழ வண்டியிலயே இருக்கேன். எஞ்சினை அணைக்க மாட்டேன்."

லிஃப்ட் மேல் மாடியில் எங்கேயோ யாருக்காகவோ காத்திருந்தது. அவன் படியேறினான். சாவியைச் சட்டைப் பையில் தேடி, கால்சட்டைப் பையில் தேடி, கடைசியில் அது கையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தான். கதவுக்கு முன்னால் டைலர் அக்கா, கழுத்தில் அளவு டேப்பும் ஹெட்ஃபோனும் சேர்ந்து தொங்க, கதவோடு பேசிக்கொண்டிருந்தாள். "இதோ அண்ணன் வந்துட்டாருப்பா. இதோ வந்துட்டாரு."

தாழ்ப்பாள் இல்லாத கதவு ஒரே திருப்பில் திறந்தது. 'துரு' ஒன்றுக்காவது உதவியது.

வீடு அப்படிச் சுத்தமாக இருந்து அவன் பார்த்ததே இல்லை. செருப்புகள் ஜோடி ஜோடியாக. படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல், திரையில் பார்த்த கோடு மாதிரி. தம்பியின் சட்டைகள் மடித்து ஒரு பைக்குள், பையின் ஜிப் போட்டு மூடி. மேசையின் நடுவில் கைப்பேசி, அணைந்து. குளியலறைக் கதவைத் தள்ளினான். காலி. பால்கனிக் கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தான். காலி. சமையலறைக்குள் போனான்.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜில் காதைச் சாய்த்துத் தம்பி உட்கார்ந்திருந்தான். பாத்திரம் கழுவிய கை இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணனைப் பார்த்தான். வந்தது யார் என்று தெரிந்துகொண்ட பார்வை மட்டும்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"இந்தச் சத்தம் மட்டும்தான் தொந்தரவு பண்ணல" என்றான்.

அண்ணன் வாசல் பக்கம் திரும்பி, அக்காவுக்குக் கையால் 'இருக்கான்' என்று காட்டினான். பிறகு தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். 'ஃபிரிட்ஜுக்குக் குளிருதுன்னு துணைக்கு உட்கார்ந்திருக்கியாடா' என்று ஒன்று தொண்டைவரை வந்துவிட்டது. நல்ல ஜோக். வேறு எந்த நாளாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டான். முழுங்கினான். முள்ளோடு மீனை முழுங்குவதுபோல் அது கிழித்துக்கொண்டு இறங்கியது.

"டேய், சாகணும்னு நினைக்கிறியா?"

அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அதுவரை உடுப்பில்லாமல் வெளியே வந்ததில்லை. ஃபிரிட்ஜ் ஒரு தடவை உடம்பைக் குலுக்கிவிட்டு ஓசையை நிறுத்தியது. தம்பி அண்ணனின் தாடியைப் பார்த்தான்.

"கத்தி எங்கே?" என்றான்.

"ஆபீஸ் லாக்கர்ல."

"சாணைக்குப் போகல?"

"போகல."

"பிளேடு?"

"அதுவும் அங்கதான்."

"தாழ்ப்பா?"

"துருவெல்லாம் இல்லடா. பயந்துட்டுக் கழட்டினேன்."

தம்பி தலையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தான். எதையோ கீழே வைக்கிற மாதிரி மூச்சு விட்டான். மேல் தட்டில், டீத்தூளைத் தாண்டி, பச்சை மூடி போட்ட டப்பா இருந்தது. அதற்குப் பக்கத்தில் அண்ணன் வாங்கிவந்த மூட்டை, பிரிக்காமல்.

"ஆமாண்ணே. நினைக்கிறேன். நேத்து சாயங்காலமும் நினைச்சேன். அப்பதான் உனக்கு ஃபோன் பண்ணினேன். சக்கரை கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. டீயெல்லாம் போடல. உன் குரலைக் கேக்கணும், அதுக்கு வேற எதுவும் தோணல. இன்னைக்கு அதுகூட முடியல, அதான் அணைச்சு வச்சுட்டேன். எனக்குப் பயமா இருக்குண்ணே. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."